கத்தியைத் தீர்ப்பிடுதல்

பிறரைத் தீர்ப்பிடலாகாது என்று சிறு வயது முதலே கற்பிக்கப்பட்டவர்கள் நாம். அதனைக் கடைப்பிடிக்கிறோமா என்பது வேறு செய்தி. ஆனால் பொருள்களைத் தீர்ப்பிடுவதில் நமக்கு எவ்விதத் தயக்கமும் இருப்பதில்லை. சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோம். துணிக்கடையில் சேலையின் முந்தானையை வெளிச்சத்தில் விரித்துப் பிடிக்கிறோம். தச்சர் செய்து தந்த நாற்காலியை நான்கு பக்கமும் ஆட்டிப் பார்த்த பின்னரே கூலியை எடுத்துக் கொடுக்கிறோம். பொருளுக்கு மனம் இல்லை, அது புண்படாது, ஆகவே இதில் தவறேதும் இல்லை என்பது நமது துணிபு.

ஆயினும் 'வேலை சரியில்லை' என்று நாம் சொல்லும்போது அத்தீர்ப்பு பொருளோடு நின்றுவிடுகிறதா? வேலை என்று ஒன்று இருந்தால் அதைச் செய்தவர் என்று ஒருவரும் இருக்கிறார். தச்சர் எதிரில் நிற்கும்போது சிக்கல் இல்லை. குறையை அவரிடமே சொல்லலாம். அவரும் தம் பக்கத்து நியாயத்தைச் சொல்வார். மரம் ஈரமாக இருந்தது என்பார். நீங்கள் அவசரப்படுத்தினீர்கள் என்பார். ஆலையில் செய்யப்பட்ட பொருளுக்கு அப்படி எதிரில் வந்து நிற்பவர் யாரும் இல்லை. அங்கே நல்ல வேலை என்று யாரைப் புகழ்வது? கெட்ட வேலை என்று யாரைக் கடிந்துகொள்வது? இக்கேள்வியைப் பெரும் இயந்திரங்களைக் கொண்டு ஆராய்வதைவிடச் சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு பொருளைக் கொண்டு ஆராய்வது எளிதென்று தோன்றுகிறது. மேலைநாட்டு மடக்குக் கத்தியையே எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் ஸோலிங்கன், பிரான்ஸ் நாட்டின் தியேர், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துப் பிராட்ஃபோர்டு ஆகிய ஊர்கள் கத்திகளால் பெயர் பெற்றவை. உழவரும் ஆயரும் மாலுமியும் பள்ளிச் சிறுவனும் பையில் வைத்திருந்த கத்தி இது. ரொட்டி அறுக்கவும் கயிறு வெட்டவும் ஆப்பிளின் தோல் சீவவும் பயன்பட்டது. இதன் அமைப்பு எளிமையானது. எஃகு அலகு ஒன்று. அதன் அடியை முதுகுப்பக்கத்திலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும் எஃகு வில் ஒன்று. இரண்டையும் இருபுறமும் அணைத்து நிற்கும் பித்தளைத் தகடுகள். அவற்றின்மேல் எலும்பாலோ கொம்பாலோ மரத்தாலோ ஆன கைப்பிடிச் சில்லுகள். முனையில், ஜெர்மன் சில்வர் என்று நம் கடைவீதியிலும் வழங்கும் வெள்ளை உலோகத்தாலான பூண். எல்லாவற்றையும் ஊடுருவிப் பிணைக்கும் சில ஆணிகள். பூட்டு எதுவும் இல்லை. திறந்த அலகு திறந்தபடி நிற்பதும், மூடிய அலகு மூடியபடி கிடப்பதும் அந்த வில்லின் அழுத்தத்தால் மட்டுமே.

இக்கத்திகளை விரும்பிச் சேர்ப்போர் பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் ஒரு கத்தியைச் சோதிக்கும் முறை, நகைக்கடையில் வைரம் பார்ப்பவரை நினைவூட்டும். முதலில் மூடிய கத்தியை விளக்கின்முன் உயர்த்தி, வில்லுக்கும் பித்தளைத் தகட்டுக்கும் இடையே ஒளி கசிகிறதா என்று நோக்குவர். பின்னர் முதுகை விரலால் தடவுவர். மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் வில்லானது தகடுகளோடு ஒரே மட்டமாக இருத்தல் வேண்டும். நகம் எங்கும் தட்டலாகாது. அலகைத் திறக்கும்போது அது சீராக எழுந்து, இறுதியில் 'டக்' என்ற ஓசையோடு நிலைகொள்ள வேண்டும். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதனைக் கத்தியின் 'நடையும் பேச்சும்' என்பர். அலகை இடவலமாக ஆட்டிப் பார்ப்பர். மேலிருந்து நோக்கி, அது இரு தகடுகளுக்கும் நடுவே கிடக்கிறதா என்று அளப்பர். மூடும்போது கூர்வாய் வில்லின்மேல் மோதுகிறதா என்று செவிசாய்ப்பர். மோதுமானால் ஒவ்வொரு முறை மூடும்போதும் கத்தி தன் கூரைத் தானே மழுக்கிக்கொள்ளும்.

இச்சோதனைகளில் இரண்டு, நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு மிக நெருங்கியவை. ஒன்று, பூணின் ஊடே செல்லும் ஆணி. அலகு சுழல்வது அதன்மேல்தான். ஆணியும் பூணும் ஒரே உலோகமாயிருந்து, ஆணியின் தலை நன்கு தட்டி நிரப்பப்பட்டு, பின் இரண்டும் ஒன்றாகச் சாணையில் தேய்க்கப்பட்டால் ஆணி இருக்கும் இடமே தெரியாமற் போகும். சரியாகத் தட்டப்படாவிட்டால் மெல்லிய வட்டக்கோடு ஒன்று தோன்றும். அதாவது, நன்றாகச் செய்யப்பட்டால் கண்ணிலிருந்து மறைந்து, மோசமாகச் செய்யப்பட்டால் மட்டுமே கண்ணிற்படுகிற வேலை இது. இல்லத்தில் பெண்கள் செய்யும் வேலைகளிற் பெரும்பாலானவை இத்தகையவை என்பதை ஆண் வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. மூன்று அலகுகளை இரண்டே விற்களின்மேல் பொருத்தும் கத்திகள் உண்டு. இடம் போதாமையால் அலகுகள் ஒன்றையொன்று உரசும். அதனைத் தவிர்க்க, பொருத்துபவர் அலகின் அடியைச் சுத்தியலால் தட்டி இம்மியளவு வளைத்துவிடுவார். அக்கத்தியைப் புதிதாகக் கையில் எடுப்பவர் மேலிருந்து பார்த்து, 'அலகு கோணலாயிருக்கிறதே, ஏமாற்றிவிட்டார்களே' என்பார். அவர் குறை என்று சொல்வதே அக்கத்தியின் மிகக் கடினமான கைவேலை. அறியாதவர் தீர்ப்பிடும்போது திறமை குற்றமாகிவிடுகிறது. ஆணியின் வட்டக்கோட்டை அவர் கவனியாமல் விடும்போது குற்றம் தப்பிவிடுகிறது.

கண்ணுக்கே எட்டாத வேலையும் ஒன்றுண்டு. அலகை உலையில் காய்ச்சி, தோய்த்து, மறுபடியும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்துவது. பதம் மிஞ்சினால் அலகு உடையும், குறைந்தால் மழுங்கும். கடையில் நின்றபடி எவரும் இதைக் கண்டுபிடிக்க இயலாது. பிராட்ஃபோர்டில் உள்ள கேஸ் தொழிற்சாலை தன் அலகுகளில் இரண்டு எக்ஸ் குறிகளைப் பொறிக்கிறது. அலகு பதப்படுத்தும் சூட்டிற்கு இருமுறை சென்றுவந்தது என்பதற்காகத் தொழிலாளர் இட்ட அடையாளமே அக்குறி என்பர். 1970 முதல் அதே இடத்தில் புள்ளிகளும் இடப்பட்டன. முதலில் பத்துப் புள்ளிகள், ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வருவது. ஆகவே எந்த ஆண்டில் செய்யப்பட்ட கத்தி என்பதை அறிந்துகொள்ளலாம். யார் செய்தார் என்பதை அறிய வழியில்லை. ஆண்டுக்குப் புள்ளி உண்டு. ஆளுக்குப் புள்ளி இல்லை.

'யார்' என்று கேட்பதிலேயே இடறல் இருக்கிறது. எஃகுத் தகட்டிலிருந்து அலகை அச்சு வெட்டி எடுக்கிறது. உலையைக் கருவிகள் கண்காணிக்கின்றன. ஒருவர் சாணை பிடிக்கிறார், இன்னொருவர் எலும்பைச் செதுக்கும் இயந்திரத்தின்முன் நிற்கிறார், மற்றொருவர் எல்லாவற்றையும் கோத்து ஆணியடிக்கிறார், வேறொருவர் மெருகேற்றுகிறார். ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட தம் பொருளியல் நூலைக் குண்டூசித் தொழிலோடு தொடங்குகிறார். ஒரு குண்டூசியைச் செய்வதில் பதினெட்டு வேலைகள் உண்டென்றும், அவற்றைப் பங்கிட்டுக்கொண்ட பத்துப் பேர் நாளொன்றுக்கு 48,000 ஊசிகளைச் செய்ய முடியுமென்றும் கணக்குக் காட்டினார். எத்தனை ஊசி என்பதற்கு அவரிடம் விடை இருந்தது. அவற்றில் ஓர் ஊசி வளைந்திருந்தால் அது பத்துப் பேரில் யாருடைய வளைவு என்பதற்கு அக்கணக்கில் இடமில்லை.

ஆளைக் காண முடியாதபோது பெயரைப் பிடித்துக்கொள்வது மனித இயல்பு. மார்க் ட்வெயின் 1876இல் எழுதிய 'டாம் சாயர்' கதையில் இதற்கொரு நல்ல காட்சி வருகிறது. ஞாயிறு மறைக்கல்விக்காக மலைப்பொழிவிலிருந்து சில வசனங்களை டாம் மனப்பாடம் செய்ய வேண்டும். அதனிலும் குறுகிய வசனங்கள் கிடைக்காததால்தான் அப்பகுதியைத் தேர்ந்துகொண்டானாம்! ஒருவாறு அவன் ஒப்பித்து முடித்ததும், உறவுப்பெண் மேரி அவனுக்குப் பன்னிரண்டரை சென்ட் விலையுள்ள பார்லோ கத்தி ஒன்றைப் பரிசளிக்கிறாள். அது எதையும் வெட்டவில்லை. ஆனால் அசல் பார்லோ! சிறுவனின் ஆனந்தத்திற்கு அதுவே போதுமாயிருந்தது. பார்லோ என்பது ஷெஃபீல்டில் தோன்றி, அமெரிக்கச் சிறுவர்களின் கனவாகிப்போன எளிய வகைக் கத்தி. டாமைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் பெயரைக் கண்டவுடன் வேலையைச் சோதிப்பதை விட்டுவிடும் பழக்கம் சிறுவர்களோடு முடிந்துவிடுகிறதா என்ன?

பெயருக்காகப் போராடியவர்கள் வெறும் பெருமைக்காகப் போராடினார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1624இல் ஷெஃபீல்டின் கத்தித் தொழிலாளருக்கென நாடாளுமன்றச் சட்டத்தால் ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. தொழிலின் தரத்தைக் காப்பதும், ஒவ்வொருவருக்கும் உரிய முத்திரையைப் பதிவு செய்வதும் அதன் கடமைகள். பின்னாளில் ஷெஃபீல்டு என்று பொய்யாகப் பொறித்த அயல்நாட்டுக் கத்திகள் சந்தையில் பெருகின. 1887இல் பிரிட்டனில் வணிகக் குறிச் சட்டம் வந்ததற்கு இது ஒரு காரணம். ஸோலிங்கன் என்ற பெயருக்கு 1938இல் ஜெர்மனி தனிப் பாதுகாப்பு அளித்தது. முத்திரை என்பது தொடக்கத்தில் பெருமைச் சின்னமன்று. அது ஒருவகைப் பொறுப்பேற்பு. குறை இருந்தால் என்னிடம் வா என்று வாங்குபவரை அழைப்பது. அந்த அழைப்பு விளம்பரமாக மாறியபோதுதான் டாமின் மகிழ்ச்சி தொடங்கியது.

இனி ஷெஃபீல்டின் மற்றொரு முகத்தைக் காண்போம். 1853இல் ஜான் ரஸ்கின் தம் 'வெனிஸ் நகரின் கற்கள்' நூலின் இரண்டாம் பாகத்தில், ஆலைப் பொருள்களின் அப்பழுக்கற்ற மெருகைக் கண்டு மயங்கும் தம் நாட்டாரைக் கடுமையாகச் சாடினார். தொழிலாளியிடம் இயந்திரத்தின் துல்லியத்தைக் கேட்பது, அவனை இயந்திரமாக்குவதாகும் என்பது அவர் வாதம். பழைய கோதிக் கோவில்களின் கோணல்மாணலான சிற்பங்களில், செதுக்கியவன் சிந்திக்க விடப்பட்டிருந்தான் என்பதை அவர் கண்டார். கண்ணாடி மணிகளை விரும்பி வாங்கும் சீமாட்டி ஒவ்வொருத்தியும் அடிமை வணிகத்தில் பங்கு கொள்கிறாள் என்று கூறும் அளவுக்குச் சென்றார். வாங்குபவரின் விருப்பம் எங்கோ ஒரு பட்டறையில் ஒருவரின் நாளை உருவாக்குகிறது என்பதை இத்தனை உறைப்பாகச் சொன்னவர் அவருக்கு முன் அதிகம் இல்லை. 1875இல் அவர் ஷெஃபீல்டின் வாக்லி குன்றில் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகத்தையும் நிறுவினார். இரும்பில் வேலை செய்யும் அந்நகரத்தாரின் கைத்திறனை அவர் உயர்வாக மதித்தார்.

அவர் மதித்த அக்கைகளுக்கு நேர்ந்ததையும் நாம் அறிய வேண்டும். ஃபிரடெரிக் எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட நூலில், ஷெஃபீல்டு மருத்துவர் நைட் என்பாரின் கூற்றை எடுத்துக் காட்டுகிறார். நீரின்றி உலர்ந்த கல்லில் சாணை பிடிப்போரின் சராசரி ஆயுள் முப்பத்தைந்து ஆண்டுகளை எட்டுவதே அரிது. ஈரக்கல்லில் பிடிப்போர் நாற்பத்தைந்தைக் கடப்பது அரிது. கல்லின் தூளும் உலோகத் தூளும் மூச்சோடு சென்று நுரையீரலை அரித்தன. தூளை வெளியேற்றும் கருவிகள் கண்டுபிடிக்கப்பட்டபோது தொழிலாளரில் சிலர் அவற்றை எதிர்த்தனர். ஆங்காங்கே உடைத்தும் போட்டனர். தொழிலில் ஆபத்துக் குறைந்தால் ஆட்கள் பெருகுவர், கூலி இறங்கும் என்று அஞ்சினராம். சாவின் விலையே தங்கள் கூலியின் காவல் என்று மனிதர் எண்ண நேர்ந்த காலம் அது. பிரான்ஸில் தியேர் நகரத்துச் சாணைக்காரர்கள் துரோல் ஆற்றின்மேல் பலகையில் குப்புறப் படுத்தவாறே, கீழே சுழலும் கல்லில் அலகைத் தீட்டினார்கள். குளிரில் கால்கள் விறைக்காதிருக்கத் தங்கள் நாய்களைக் கால்களின்மேல் படுக்க வைத்துக்கொண்டனர். அந்நாய்களைப் பற்றிப் படிக்கும்போது நமக்கு முதலில் புன்னகையே வருகிறது. பின்னர் அது நிற்பதில்லை.

அலகின் கண்ணாடிப் பளபளப்பை வேண்டியவர் யார்? ரொட்டி அறுக்க அது தேவையில்லை. ரஸ்கினின் கேள்விக்கு இங்கே முழு வலிமை உண்டு.

எனினும் அவரை முற்றிலும் ஏற்பதற்கு நம்மால் இயலவில்லை. கோவில் தூணில் செதுக்கிய இலை கோணலாயிருந்தால் எவர் விரலும் அறுபடாது. மடக்குக் கத்தியின் வில் தளர்ந்திருந்தால் அறுபடும். கருவி என்பது பிறர் கையில் நம்பிக்கையோடு ஒப்படைக்கப்படுவது. சுழலாணி தளர்ந்த கத்தியைப் பார்த்து, 'இதில் மனிதனின் சுதந்திரம் தெரிகிறது' என்று ஒருவர் சொன்னால், அவர் அக்கத்தியால் வேலை செய்யப் போகிறவர் அல்லர் என்றே கருதுவோம்.

இக்குழப்பத்தில் நமக்கு உதவுபவர் டேவிட் பை. இலண்டன் அரச கலைக் கல்லூரியில் மரச்சாமான் வடிவமைப்புப் பேராசிரியராயிருந்த இவர், வேலைத்திறனின் இயல்பைப் பற்றி 1968இல் ஒரு நூல் வெளியிட்டார். கைவேலை, இயந்திர வேலை என்ற பிரிவு பயனற்றது என்பது அவர் முடிவு. அதற்குப் பதிலாக வேறொரு கோட்டைக் கிழித்தார். செய்துகொண்டிருக்கும் ஒவ்வொரு கணமும் கெட்டுப்போகக்கூடிய வேலை ஒன்று. தொடங்குமுன்னரே விளைவு உறுதியாகிவிட்ட வேலை மற்றொன்று. பேனாவால் எழுதுவது முன்னதற்கும், அச்சடிப்பது பின்னதற்கும் அவர் காட்டும் எடுத்துக்காட்டு. இந்தக் கோட்டைக் கத்தியின்மேல் வைத்துப் பார்த்தால் பல காரியங்கள் தெளிவாகின்றன. அச்சில் வெட்டிய அலகின் வடிவம் உறுதியான வேலை. அது பிசகினால் தவறு அச்சினுடையது, அதாவது அச்சைத் தேய்ந்தபின்னும் மாற்றாதவருடையது. சாணையும் பொருத்துதலும் கெடக்கூடிய வேலைகள். ஆலைக்குள்ளே இருந்தாலும், இயந்திரத்தின்முன் நின்றாலும், அங்கே ஒருவருடைய கண்ணும் மணிக்கட்டும் மட்டுமே அலகைக் காக்கின்றன.

ஆகவே ஆலைக் கத்தியில் ஆளே இல்லை என்பது பொய். ஆள் எங்கே இருக்கிறார் என்பதைத் தேட வேண்டும், அவ்வளவே. தேடாமல் தீர்ப்பிடுகிறவர்கள் இரு வகையாக இடறுகின்றனர்.

முதல் வகையினர் இரக்கமுள்ளவர்கள். ஒளி கசியும் இடைவெளியையும், ஆடும் அலகையும் கண்டு, 'கையால் பொருத்தியது, அப்படித்தான் இருக்கும்' என்பார்கள். இது அன்பு போலத் தோன்றுகிறது. உண்மையில் இது அந்தக் கைக்கு இழைக்கும் அவமதிப்பு. நல்ல கை இடைவெளி விடாது. இடைவெளி விடப்பட்டதென்றால், பெரும்பாலும் அந்தக் கைக்கு அரத்தை இன்னும் நான்கு முறை இழுக்க நேரம் தரப்படவில்லை. கத்தி பின்னர் தரம் பார்ப்பவரின் மேசைக்கு வந்தது, அவரும் கண்டார், இதுவரை போகலாம் என்று மேலிருந்து சொல்லப்பட்டிருந்ததால் விட்டார். அலுவலகத்தில் எடுக்கப்பட்ட முடிவு, 'கைவேலையின் அழகு' என்ற பெயரில் கடைக்கு வருகிறது. நமது இரக்கம் தொழிலாளியைச் சென்று சேர்வதில்லை. முடிவெடுத்தவருக்கு நிழல்குடை பிடிக்கிறது.

இரண்டாம் வகையினர் நீதி வழுவாதவர்கள். பூதக்கண்ணாடியோடு வருவார்கள். மயிரிழை இடைவெளிக்கும் கத்தியைத் திருப்பி அனுப்புவார்கள். 'இக்காலத்துத் தொழிலாளர்களுக்கு அக்கறையில்லை' என்ற வாசகமும் கூடவே செல்லும். தாங்கள் கொடுத்த விலை எத்தனை நிமிட வேலையை வாங்கக்கூடியது என்று அவர்கள் எண்ணுவதில்லை. அவர்களுடைய கோபம் மேலே ஏறாமல் கீழே வழிகிறது. கடைசியில், முகந்தெரியாத ஒருவரின் வருகைப் பதிவேட்டில் போய் நிற்கிறது.

இருவரும் பொருளைத்தான் தீர்ப்பிடுவதாக எண்ணுகிறார்கள். ஒருவர் குற்றமுள்ளவரை விடுவிக்கிறார். மற்றவர் குற்றமற்றவரைத் தண்டிக்கிறார். பொருளைக் கடுமையாகவும் ஆளைத் தாமதமாகவும் தீர்ப்பிடுவதே சரி என்பது நமது கருத்து. ஆடும் அலகை ஆடும் அலகு என்று ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். அதில் சலுகை வேண்டியதில்லை. அதன்பின்னரே கேட்க வேண்டிய கேள்விகள் வருகின்றன. இது கண் தவறியதா, கண்டும் விடப்பட்டதா? பயன்படுத்துபவரின் விரல் நம்பியிருக்கும் இடத்தில் உள்ள குறையா, பார்வைக்கு மட்டுமேயானதா? இந்த விலைக்கு இது வாக்களிக்கப்பட்டதா? மயிரிழை ஒளியைக் கண்டு நாம் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. விலையுயர்ந்த கத்தியில், எவரும் காணமாட்டார் என்று உள்பக்கத்தை அராவாமல் விட்டிருந்தால் அது வேறு. எவரும் காணாத இடத்தில் செய்யப்பட்டதே ஒரு தொழிற்சாலையின் மனச்சாட்சி.

ஏழை வாங்குபவரை இங்கே மறந்துவிடலாகாது. நல்ல வேலைக்கு நல்ல விலை கொடுங்கள் என்று சொல்வது வசதியுள்ளவர்களுக்கு எளிது. இதற்கு ஒரு விடையைச் சவோய் மலைநாட்டின் ஒப்பினேல் கத்தியில் காண்கிறோம். வெட்டுக் கருவிகள் செய்யும் குடும்பத்தில் பிறந்த ஜோசஃப் ஒப்பினேல், 1890இல் இதனை உருவாக்கினார். 1897இல் பன்னிரண்டு அளவுகளில் செய்து, 1 முதல் 12 வரை எண்ணிட்டார். முதுகு வில் இல்லை; பூண் இல்லை; எலும்புச் சில்லு இல்லை. பீச் மரத்தை உருட்டிக் கடைந்த கைப்பிடி, அதில் ஒரு பிளவு, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம். 1955இல் அலகைப் பூட்டும் சுழல் வளையம் ஒன்று சேர்ந்தது. அவ்வளவே. கைப்பிடியைக் கடைய இயந்திரங்களைத் தயங்காமல் பயன்படுத்தினார்கள். வில்லும் தகடும் ஒரே மட்டமாயிருக்க வேண்டுமே என்று தொழிலாளி திண்டாட வேண்டியதில்லை, வில்லே கிடையாது. இயலாத துல்லியத்தைக் குறைந்த கூலிக்குக் கேட்காத வடிவம் இது. வடிவமைப்பவரின் நேர்மை, தொழிலாளியின் மேல் விழும் சுமையை முன்னதாகவே இறக்கி வைத்துவிட்டது.

இக்கத்தியிலும் குறை உண்டு. ஈரத்தில் மரம் ஊதி, அலகு பிளவுக்குள் இறுகிக்கொள்ளும். சவோய் மக்கள் கைப்பிடியின் அடியை ஏதேனும் கெட்டியான இடத்தில் ஒரு தட்டுத் தட்டுவார்கள், அலகு தலைநீட்டும். அது மரத்தின் இயல்பு, எவரும் மறைக்கவில்லை, எவரையும் குற்றஞ்சாட்டவும் இல்லை. அலகில் 1909 முதல் பொறிக்கப்பட்டுவரும் முத்திரை, கிரீடத்தின்கீழ் ஆசி வழங்கும் ஒரு கை. அருகிலுள்ள சான் ழான் த மோரியேன் நகரின் சின்னத்திலிருந்து அது எடுக்கப்பட்டது. திருமுழுக்கு யோவானின் விரல்களைப் புனித தெக்லா அந்நகருக்குக் கொண்டுவந்தார் என்பது அங்குள்ள மரபு.

இதே நாட்டின் ஒப்ராக் மேட்டுநிலத்தில் லாயோல் என்ற கிராமம் உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து அதன் பெயரால் ஒரு கத்தி வழங்குகிறது; வில்லின் தலையில் ஒரு தேனீ உருவம் அதன் அடையாளம். காலப்போக்கில் தொழில் பெரும்பாலும் தியேருக்குப் பெயர்ந்தது. 1987இல் கிராமத்தில் மீண்டும் ஓர் ஆலை எழுந்தது. ஆனால் அப்பெயரைக் காக்கச் சட்டம் இருக்கவில்லை. 1993இல் வெளியார் ஒருவர் அதனைப் பலவகைப் பொருள்களுக்கு வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டார். வழக்குகள் நடந்தன. 2012இல் கிராமத்தார் தங்கள் ஊரின் பெயர்ப்பலகையையே கழற்றித் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தனர். தொழிற்பொருள்களுக்கும் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்புத் தரும் சட்டம் பிரான்ஸில் 2014இல் இயற்றப்பட்டது.

லாயோல் கத்திகள் பலவற்றின் கைப்பிடியில், சிறு ஆணித்தலைகளால் ஒரு சிலுவை பதிக்கப்பட்டிருக்கும். மேய்ச்சல் நிலத்தில் பல நாள் கோவிலின்றி இருந்த ஆயர்கள், கத்தியை ரொட்டியிலோ மண்ணிலோ நிறுத்தி, அச்சிலுவையின்முன் செபித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. சில பட்டறைகளில் இன்றும் ஒருவரே முழுக் கத்தியையும் பொருத்தி, ஆணிகளை ஒவ்வொன்றாகப் பதிக்கிறார். அச்சிலுவையில் ஓர் ஆணி மயிரிழை விலகியிருந்தால் நாம் அக்கத்தியை மறுக்க மாட்டோம். அலகு ஆடினால் மறுப்போம். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, ஆலைக்கே அனுப்பச் சொல்வோம். கூடவே ஒரு கடிதமும் வைப்போம்: பொருத்தியவருக்கு அன்று, அவருக்கு எத்தனை நிமிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டு, நிர்வாகிக்கு.